ரேட் ஏறட்டும்

அத்தியாயம் 17

ஷியாமளா ரீச்சர் கேட்ட பத்து இலட்சத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை காலைவரை யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று, முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் கேட்டது பிச்சையில்லை. அச்சுவேலியில் இரண்டு பரப்புக் காணியும் அதிலுள்ள ஓட்டு வீடும் அவருடையவை. மாசி மாதம் நாற்பத்தெட்டு இலட்சம் ரூபாய்க்கு விலை பேசி, எட்டு இலட்சம் முற்பணம் வாங்கி, குவைத்தில் வேலை செய்யும் வல்லிபுரத்தின் மகள் சிவரூபிக்கு எழுதித் தருவதாகக் கையெழுத்து வைத்தார். மிச்சம் நாற்பது இலட்சத்துக்கு மூன்று மாதத் தவணை. அந்தத் தவணை இன்றோடு முடிகிறது.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் இலங்கை ரூபாய் விழுந்தது. மாசியில் ஒரு குவைத் தினாருக்கு அறுநூற்று அறுபது ரூபாய். இப்போது ஆயிரத்து இருநூறை எட்டப் பார்க்கிறது.

ரீச்சர் அந்தக் காசில் வவுனியாவில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடொன்று வாங்க இருந்தார். அதற்கு முப்பத்தைந்து இலட்சம் என்று வாயால் மட்டும் சொன்ன வவுனியாக்காரன் இப்போது எழுபது கேட்கிறான். இந்த வீட்டையோ கனடாவிலிருந்து ஒருவர் எண்பத்தைந்துக்கு எடுக்கத் தயாராக நிற்கிறார். ரீச்சர் பேச்சு மாறவில்லை. போன வாரம் சிவரூபியை வட்ஸப்பில் கூப்பிட்டு, ஒரு பத்து இலட்சம் கூட்டித் தரப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். அவளுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர்.

இனி குவைத்தில் ஃபர்வானியாவுக்குப் போவோம்.

ஐந்து ஆண்கள் இருக்கும் அறை. வல்லிபுரம் குவைத்துக்கு வந்து பத்தொன்பது வருடம். ஒரு லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தில் தேநீர் போடுவதும் கோப்பு தூக்குவதும் அவர் வேலை. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருக்கும் இலங்கைக்காரர் எல்லோருக்கும் அவர் ரேட் வல்லிபுரம். காலையில் எழுந்து முகம் கழுவுமுன் நாலு பேருக்கு மெசேஜ் போட்டு வங்கிக்குப் போகாமல் கைமாற்றாக ஊருக்குக் காசு அனுப்பும் உண்டியல்காரரின் அன்றைய ரேட்டைக் கேட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிவிடுவார். மேல்மாடியிலிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அனுப்பலாமா நாளைக்கா என்று அவரிடம் கேட்பார்கள். மாசி வரைக்கும் அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ரூபாய் விழ விழத்தான் அவருக்கு மதிப்பு ஏறியது.

இந்த மூன்று மாதமாக அந்தக் கட்டடத்தில் எல்லோர் வாயிலும் ஒரே சொல், ரேட் ஏறட்டும். ரேட் ஏறுவது என்றால் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் கையிலிருக்கும் காசு செத்துப்போவது. அது அவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே காத்திருந்தார்கள். ரேட் இன்னொரு நூறு ரூபாய் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த அறையில் கோழி சமைத்தார்கள். இராமநாதபுரத்துக் கார்மேகம்தான் சமையல். அவருக்கு இதில் ஒரு இலாபமும் இல்லை.

"எங்க ரூபா கல்லு மாதிரி நிக்கிது. ஒங்களுக்கு வந்த யோகத்தப் பாருங்கண்ணே" என்பார். அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

நேற்று வியாழன் பின்னேரமே நாற்பது இலட்சத்துக்கான தினாரை உண்டியல் பார்க்கும் முஆதிடம் கொடுப்பதாக இருந்தது. முஆத் புத்தளத்துக்காரர். கீழே தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். இங்கே தினாரை வாங்கினால் அங்கே அவருடைய ஆள் ரூபாயைக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பான். இரவே தந்துவிடுங்கள், யாழ்ப்பாணத்தில் தாள் சேர்ப்பது கஷ்டம், பெற்றோல் இல்லாமல் ஆள் சைக்கிளில்தான் வரவேண்டும் என்று முஆத் இரண்டு முறை சொன்னார். நேற்று ரேட் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. விடிந்தால் ஆயிரத்து இருநூறைத் தாண்டும் என்று வல்லிபுரத்துக்கு நாலு பக்கத்திலிருந்தும் செய்தி வந்திருந்தது. அவர் கொடுக்கவில்லை.

காலை ஏழரைக்கு மனைவி சிவகொழுந்து அச்சுவேலியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அங்கே பத்து மணி. ராகு காலம் கழித்துப் பன்னிரண்டரைக்குக் காணி உறுதி எழுதுவதாக ஏற்பாடு. சட்டத்தரணி ஒரு மணிக்குப் போய்விடுவாராம், பெற்றோல் வரிசையில் அவருடைய கார் மூன்று நாளாக நிற்கிறதாம், இன்றைக்கு அவருடைய முறை வருமாம்.

"இஞ்சருங்கோ, காசு குடுத்தாச்சோ?"

"நேற்றே குடுத்தாச்சு. வரும்."

பத்தொன்பது வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன பொய்கள் அதிகமில்லை. இதைப் பொய் என்றுகூட அவர் நினைக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் உண்மையாகிவிடும்தானே என்று நினைத்தார்.

வல்லிபுரத்தைக் கெட்டவன் என்று முடிவு கட்ட அவசரப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். வந்த நாளிலிருந்து மாதம் பிறந்த மறுநாளே காசு அனுப்பிய மனுஷன் அவர். தினார் முந்நூற்று முப்பதுக்கு இருந்தபோதும் அனுப்பினார், நானூறுக்கும் அனுப்பினார். ஒரு கிழமை பொறுத்து அனுப்பியவர்கள் கிணறு கட்டினார்கள், மதில் கட்டினார்கள். இவர் மூன்று பெண்சகோதரங்களைக் கட்டிக்கொடுத்தார், கூரை ஒழுகும் வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்திருந்தார். ஒருமுறையாவது தான் வெல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் தினாராக இருந்த ரீச்சரின் மீதிக் காசு மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்ததைப் பார்த்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவு அவரை விடவில்லை.

சிவகொழுந்துக்கு வேறு கணக்கு. காசு கைக்கு வந்த நிமிடமே அவள் ஓடுவாள். அரிசி, சவர்க்காரம், பருப்பு, மண்ணெண்ணெய், எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் போடுவாள். காலையில் இருநூற்றிருபதுக்கு இருந்த அரிசி பின்னேரம் இருநூற்றைம்பது. பால்மாப் பெட்டியில் பழைய விலைக்குமேல் புது விலை ஒட்டி, அதற்குமேல் இன்னொன்று ஒட்டியிருப்பார்கள். எரிவாயு கண்ணால் கண்டு இரண்டு மாதமாகிறது. சித்திரை மாதம் வல்லிபுரம் ரேட்டுக்காக வீட்டுக் காசைப் பன்னிரண்டு நாள் பிடித்து வைத்து, நாலாயிரம் ரூபாய் கூட வந்தது என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நாளும் சிவகொழுந்து கடனுக்குச் சாமான் வாங்கினாள். கடைக்காரர் சாமான் கொடுத்த நாளின் விலையைப் போடாமல், காசு கட்டிய நாளின் விலையைப் போட்டு எடுத்தார். நாலாயிரம் போய் மேலே மூவாயிரமும் போனது. அதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னாள்.

மகள் சிவரூபி ஃபஹாஹீலில் இருக்கிறாள். ஒரு பல் வைத்தியசாலையில் துப்புரவு வேலை. கணவன் சுஜந்தன் ஏசி மெக்கானிக். மூன்று குடும்பம் பங்குபோட்ட வீட்டில் இவர்களுக்கு ஒரு அறை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் ஃபர்வானியாவில் அப்பாவோடுதான். வழக்கமாகப் பதினொரு மணிக்குப் போவார்கள். இன்றைக்கு அவள் ஏழரைக்கே அவனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நின்றாள்.

அவளுடைய கைப்பையில் எண்ணூற்று நாற்பது தினார் இருந்தது. அலுமாரிக்குள் இருந்ததை விடியற்காலை சுஜந்தன் குளிக்கப் போன நேரம் எடுத்திருந்தாள். ரூபாயில் அது பத்து இலட்சத்துக்குச் சரி.

பத்து இலட்சத்தைப் பற்றிக் கிழமை முழுக்க இருவருக்கும் பேச்சு நடந்திருந்தது. சுஜந்தன் கத்துகிறவன் இல்லை, அதுதான் அவனோடு உள்ள கஷ்டம். மிஞ்சிய தினாரில் வீட்டுக்குக் கூரை மாற்றவேண்டும், சீமெந்து மூன்று மடங்காகிவிட்டது, ஓட்டுக்கும் மரத்துக்கும் விலை கேட்கவே பயமாயிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னான். இலாபம் என்று அப்பா சொல்வதெல்லாம் கூரைக்கே காணாது. அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. பஸ்ஸில் அவள் மறுபடியும் தொடங்கியபோதுதான் அவன் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"ரூபாய் விழாமல் தினார் விழுந்திருந்தா, ரீச்சர் எங்களுக்குப் பத்து இலட்சம் குறைச்சிருப்பாவோ? அதைச் சொல்லும் முதல்ல."

குறைத்திருப்பார் என்று அவள் மனது சொன்னது. அதற்கு அவளிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

ஃபர்வானியாவில் இறங்கும்போது எட்டே முக்கால் தாண்டிவிட்டது. அப்பாவின் தொலைபேசிக்குக் கார்ட் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அவனை அறைக்கு அனுப்பிவிட்டு முஆதின் கடைக்குப் போனாள். அப்பாவுக்கும் தெரியாமல், கணவனுக்கும் தெரியாமல், நாற்பதுக்கு மேலே இன்னும் பத்து என்று முஆதிடம் சொல்லிவிட வேண்டும். நேற்றே நாற்பது போய்விட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். பின்னால் இன்னொரு ஆள் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், உறுதி எழுதிய பிறகு கொடுத்தாலும் கொடுத்ததுதான் என்று வழி முழுக்க எண்ணிக்கொண்டு வந்தாள்.

கடைக்குள் வல்லிபுரம் நின்றார். முன்னால் தினார்த் தாள்கள். முஆத் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து இருநூற்றி நாலு" என்றார் வல்லிபுரம், மகளைக் கண்டதும். முகத்தில் சின்னப்பிள்ளையின் சந்தோஷம். "நேற்றுக் குடுத்திருந்தா முப்பத்தொன்பது தினார் கூடக் குடுத்திருக்கவேணும்."

சிவரூபிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சுவரில் மணிக்கூடு ஒன்பதைக் காட்டியது. அச்சுவேலியில் பதினொன்றரை.

"அப்பா, இப்பத்தான் குடுக்கிறீங்களோ?"

"ஓம். வந்திடும்."

முஆத் தலையை நிமிர்த்தவில்லை. சுன்னாகத்தில் ஆள் தயாராக இருக்கிறான், ஆனால் நாற்பது இலட்சத்துக்குத் தாள் மூன்று கடையில் சேர்க்கவேண்டும், பிறகு சைக்கிளில் பத்து கிலோமீற்றர், பன்னிரண்டரைக்குப் போய்ச் சேரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு மெசேஜ் போட்டார். இனி அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

ஒரு மணிக்குள் காசு போகாவிட்டால் வீடு போய்விடும். ரீச்சர் எழுந்து போகலாம். கனடாக்காரர் எண்பத்தைந்து இலட்சத்தோடு நிற்கிறார். முப்பத்தொன்பது தினாருக்காக இந்த மனுஷன் இதைச் செய்திருக்கிறார். சிவரூபி ஒரு கிழமை முழுக்கக் கழிப்பறை கழுவினாலும் முப்பத்தொன்பது தினார் வராது, அது வேறு விஷயம்.

கோபத்தில்தான் கைப்பையைத் திறந்தாள். உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதையும் சேத்து அனுப்புங்கோ. ரீச்சருக்கு."

வல்லிபுரம் உறையைப் பார்த்தார். திறந்து பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

"சுஜந்தனுக்குத் தெரியுமோ?"

அவள் உறையை முஆதின் பக்கம் தள்ளினாள்.

"பிள்ளை, நான் முந்நூற்று முப்பதுக்கு அனுப்பின காலத்தில ஆரும் எனக்குக் கூட்டித் தரேல்ல. சீதனத்துக்கு எனக்குக் காணி வித்தவன் விட்டுத் தரேல்ல. உன்ர மாமிமாரைக் கட்டச் சீதனம் வாங்கினவங்கள் குறைக்கேல்ல. பாவம் பாக்கிறதெண்டா எல்லாரும் எல்லாருக்கும் பாக்கவேணும். நான் மட்டும் ஏன்?"

அவருடைய குரல் உடைந்துபோயிருந்தது. மகளைத் திட்டுகிற குரலாக அது இல்லை. முஆத் இரண்டு பேரையும் பார்த்து, உறையைத் தொடாமல் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

சிவரூபி உறையை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

வைக்கும்போது அவளுக்குள் வந்தது ஆறுதல். அதை நான் மறைத்து எழுதப்போவதில்லை. அலுமாரியில் திரும்ப வைத்துவிடலாம், சுஜந்தனுக்குத் தெரியவேண்டியதில்லை, கூரைக்கு ஆகும் என்று ஒரே மூச்சில் எல்லாம் மனதில் ஓடியது. பிறகுதான் வெட்கம் வந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவின் பின்னால் படியேறினாள்.

பத்து மணிக்குச் சிவகொழுந்து எடுத்தாள். சட்டத்தரணியின் கந்தோரில் இருந்து பேசினாள். ரீச்சர் பன்னிரண்டேகாலுக்கே வந்து மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறாராம். மின்சாரம் இல்லையாம். காசு இன்னும் வரவில்லை.

"நேற்றுக் குடுத்த காசு எங்க போட்டுது?" என்று கேட்டாள்.

வல்லிபுரம் தொலைபேசியை மகளிடம் நீட்டினார். சிவரூபி உண்மையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் இணைப்புப் போய்விட்டது. திரும்ப எடுத்தபோது கிடைக்கவில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் தொலைபேசிக் கோபுரமும் வேலை செய்யாது என்று சுஜந்தன் சொன்னான். மாமனாரிடம் அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுடைய பங்கு அந்த நாற்பதில் பாதிக்குமேல். எட்டு வருடம் குவைத்து வெயிலில் மொட்டைமாடியில் ஏசி கழற்றிய காசு.

அடுப்பில் கார்மேகம் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கினார். ஆயிரத்து இருநூறு தாண்டிய கொண்டாட்டம். நிறுத்தலாமா என்று அவர் கண்ணால் கேட்டபோது யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. ஆகவே வதக்கிக்கொண்டே இருந்தார்.

பத்தரை ஆயிற்று. அங்கே ஒரு மணி. கீழே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். முஆதை எடுத்தால், ஆள் புறப்பட்டுவிட்டான், இப்போது அவனுடைய தொலைபேசியும் கிடைக்கவில்லை என்றார். வல்லிபுரம் எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வெல்லப்போன மனுஷன் தன் மருமகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வராட்டி முற்பணமும் போகுமோ?" என்று சுஜந்தன் கேட்டான். அன்றைக்கு அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"போகும்" என்றார்.

பதினொன்று நாற்பதுக்கு அழைப்பு வந்தது.

சிவகொழுந்து வீதியில் நடந்துகொண்டே பேசினாள், மூச்சு வாங்கியது. உறுதி எழுதியாகிவிட்டது. வீடு சிவரூபியின் பெயருக்கு மாறிவிட்டது. அவ்வளவுதான் முதலில் காதில் விழுந்தது. சுஜந்தன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். வல்லிபுரம் முருகா என்றார். கார்மேகம் அகப்பையோடு வந்து நின்று சிரித்தார். சிவரூபிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சொந்தக் கூரை, சொந்தக் கிணறு, தன் பெயரில் ஒரு முற்றம். அழுவதற்கு அது போதும்.

பிறகுதான் தாய் மீதியைச் சொன்னாள்.

காசு வந்தது ஒன்று நாற்பதுக்கு. ஒரு மணிக்கே சட்டத்தரணி கோப்பை மூடிவிட்டார். வாங்குகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, நீங்கள் தாராளமாக எழுந்து போகலாம், இனி உங்கள் வீடு உங்களுடையது, விரும்பிய விலைக்கு விற்கலாம் என்று ரீச்சரிடம் சிவகொழுந்தின் முன்னாலேயே சொன்னார். கனடாக்காரரின் ஆளும் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றான். ரீச்சர் எழும்பவில்லை.

"சட்டத்தரணியைப் பாத்து, இன்னும் அரை மணித்தியாலம் இருங்கோ, பிள்ளையின்ர காசு வழியில வருது எண்டு கெஞ்சினா. அரை மணித்தியாலம் முடிய, இன்னும் கொஞ்சம் எண்டா. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்" என்றாள் சிவகொழுந்து. "காசை அவ எண்ணக்கூட இல்லை. கையெழுத்தை வைச்சிட்டு என்னோடதான் நடந்து வாறா. பக்கத்திலதான் நிக்கிறா."

அறையில் பிரியாணி வாசம் அடித்தது. சிவரூபி தன் கைப்பையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

தாய் குரலைத் தாழ்த்தினாள். ரீச்சருக்கு ஒரு விஷயம் கேட்கவேண்டியிருக்கிறதாம். வவுனியா வீடு இனி நடக்காது. தம்பி வீட்டில் ஏழு பேர். இந்த வீட்டிலேயே பின்பக்கத்து அறையில், ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ, வாடகைக்கு இருக்க விடுவீர்களா என்று கேட்கிறார். சமையலை வெளியில் வைத்துக்கொள்வாராம். நாங்கள் கூரை மாற்றும்போது அந்த அறையை மட்டும் கடைசியில் செய்தால் போதுமாம்.

சுஜந்தன் நிமிர்ந்து பார்த்தான். வல்லிபுரத்துக்குச் சந்தோஷத்தில் முகம் இளகியிருந்தது. மனது நிறைந்த மனுஷன் தாராளமாகத்தான் பேசுவான்.

"இருக்கட்டும். அதுக்கென்ன, இருக்கட்டும். வயசு போன மனுசி" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலத் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார். "வாடகையை மட்டும் ஒரு தொகையாப் பேசிப்போடாத. ரூபாயை இனி நம்பேலாது. ஒவ்வொரு மாசமும் ரேட்டைப் பாத்துக் கூட்டுறதெண்டு எழுத்தில எடு."

தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. அச்சுவேலி வீதியில் பக்கத்தில் நடந்த ரீச்சருக்கும் அது கேட்டிருக்கும்.

சிவரூபி அப்பாவைப் பார்த்தாள். அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு தொகை பேசி, அந்தத் தொகையை இன்று காலைவரை இறுக்கிப் பிடித்திருந்தவர், தான் சொன்னதன் அர்த்தம் தெரியாமல் பிரியாணி தின்னத் தட்டு எடுக்கப் போனார். சுஜந்தனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான், ஆனால் அப்படி வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லவில்லை.

"உறுதி ஆற்ற பேரில அப்பா?" என்று கேட்டாள்.

"உன்ர பேரிலதான். வேற ஆற்ற?"

"அப்ப நான் கதைக்கிறன்."

அவள் ஸ்பீக்கரை நிறுத்தினாள். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்து, ரீச்சரிடம் கொடுக்கும்படி அம்மாவிடம் சொன்னாள். வாடகை வேண்டாம் ரீச்சர், இருக்கிறவரைக்கும் இருங்கோ. இதுதான் வார்த்தை. ஏழு சொல்கூட இல்லை. நாக்கில் வந்து நின்றது.

"பிள்ளை" என்றது மறுமுனை. வகுப்பில் வரவு எடுக்கும்போது கேட்ட அதே குரல், களைத்திருந்தது. "வீடு கிடைச்சது சந்தோஷம். கிணத்தடியில ஒரு தேசிக்காய் மரம் நிக்குது, தண்ணி ஊத்தச் சொல்லி அம்மாட்டச் சொல்லியிருக்கிறன். சரி, வாடகை எவ்வளவெண்டு சொல்லும். கையில இருக்கிற காசு எத்தினை மாசத்துக்குக் காணும் எண்டு நான் ஒருக்காக் கணக்குப் பாக்கவேணும்."

கார்மேகம் தட்டுகளைப் பரப்பினார். சுஜந்தன் எழுந்து வந்து அவளுக்கு மிக அருகில் நின்றான். அவனுடைய விரல்கள் அவள் தோளைத் தொட்டன, மெதுவாக, அன்பாகத்தான். அவளுக்கு எண்ணூற்று நாற்பது தினார் நினைவு வந்தது, கூரை நினைவு வந்தது, எட்டு வருட மொட்டைமாடி நினைவு வந்தது.

"அப்பாட்டக் கேட்டுச் சொல்லுறன் ரீச்சர்" என்றாள்.

"ஓம் பிள்ளை, கேட்டுச் சொல்லும். ஆனா இண்டைக்கே சொல்லும்" என்றார் ரீச்சர். "நாளைக்கு வேற விலையாப் போயிடும்."